பிலாக் கன்றும் கீரைப் பாத்தியும்

கீரிமலையில் மலை இல்லை. முதல்முறை வருகிறவர்கள் பேருந்தை விட்டிறங்கி நாலு பக்கமும் பார்ப்பார்கள். தெரிவது பனைவரிசையும் கோயிலும் அப்பால் கடலும்தான். கரையோரம் கொஞ்சம் மேடாக நிற்கும் சுண்ணாம்புக்கல்லுக்குத்தான் முன்னோர் மலையென்று பெயர் வைத்துவிட்டார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து பத்து மீட்டரைத் தாண்டாது. பக்கத்துக் காங்கேசன்துறையில் உயரமானவையெல்லாம் மனிதர் எழுப்பியவை: 1893-இல் கட்டிய வெளிச்சவீடு, சிமெந்துத் தொழிற்சாலைக் கட்டடங்கள், சற்றுத் தெற்கே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் கோபுரம்.

இந்தத் தட்டையான வெக்கை ஊரைத்தான் ஒரு தலைமுறை கடைசிக் காலத்துக்கென்று தேடி வந்தது. தேடி வந்தது என்பதுகூடப் பிழை. வேறோர் இடம் என்ற யோசனையே அவர்களுக்கு வரவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும் இன்று அறுபதைத் தாண்டி, ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் இருந்துகொண்டு, இனி எங்கே போய் இருக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். எவ்வளவு உயரம், எத்தனை பாகை வெப்பம், மழை எத்தனை மாதம். அந்த அட்டவணையில் காங்கேசன்துறைக்கும் ஒரு வரி உண்டு.

மலாயன் பென்சனியர்

முந்திய தலைமுறைக்கு ஊரில் இருந்த பெயர் ‘மலாயன் பென்சனியர்’. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மிஷன் பள்ளிக்கூடங்களில் இங்கிலீசு படித்த யாழ்ப்பாணப் பெடியன்கள் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். ரயில்வே, நில அளவை, அரசாங்கக் கந்தோர் என்று வேலை கிடைத்தது. தைப்பிங், ஈப்போ, சிரம்பான் என்ற பெயர்கள் எங்கள் வீட்டுப் பேச்சில் சுன்னாகம், மல்லாகம் போலப் புழங்கின. காங்கேசன்துறைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக நெடுங்காலம் இருந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் பிறந்ததே ஈப்போவில்தான், 1898-இல். வளர்ந்தது தெல்லிப்பழையில்.

என் பூட்டனார் வேலை பார்த்தது தைப்பிங்கில். மலாயாவில் மழைக்குப் பேர்போன ஊர். பின்னேரமானால் குன்றிலிருந்து மழை இறங்கும், குடையில்லாமல் கந்தோர் விட்டுவர ஏலாது என்று அவர் சொன்னதை அம்மம்மா சொல்லுவா. அந்தக் குன்றின் மேல்தான் வெள்ளைக்காரத் துரைமார் வெயிலுக்குத் தப்பிப் போய்த் தங்கும் பங்களாக்கள் இருந்தன. பூட்டனாரோ 55 வயதில் பென்சன் எழுதிக் கொடுத்த கையோடு சாமான்களை மரப்பெட்டிகளில் அடைத்துக் கப்பலேறிவிட்டார். கொழும்பில் இறங்கி, ரயில் பிடித்து, பாதை முடிகிற இடம்வரை வந்தார். அந்த இடம் காங்கேசன்துறை. 1905-இல் கொழும்புப் பாதை முழுதாகப் பூர்த்தியானதிலிருந்து அந்த மேடையில் மரப்பெட்டிகளோடு இறங்கிய பென்சன்காரர் பலர்.

வந்து முதல் செய்த வேலை, பின்வளவில் பிலாக் கன்று வைத்தது. விதையிலிருந்து வளரும் பிலா காய்க்கச் சில வருடங்கள் செல்லும். 55 வயதில் அதை வைக்கிறவர், மிச்சக் காலம் எங்கே என்ற கேள்வியை முடித்துவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொட்டிருப்பார்.

துரை ஏறினார், கிளாக்கர் இறங்கினார்

வெயிலை விட்டு மேட்டுக்கு ஓடுவது அந்தக் காலத்து ஐரோப்பியரின் வைத்தியம். அதன் ஒரு நுனி எங்கள் பக்கத்திலும் இருக்கிறது. 1816-இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழைக்கு வந்தார்கள். காங்கேசன்துறையிலிருந்து சைக்கிளில் அரைமணி நேரத் தூரம். முதல் வந்தவர்களில் எட்வேர்ட் வாரன் நெஞ்சு வருத்தத்துக்குக் காற்று மாற்றம் தேடித் தென்னாபிரிக்காவின் கேப்டவுனுக்குப் போய், 1818-இல் அங்கேயே இறந்தார். கூடப் போன ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் திரும்பி வந்து, 1822-இல் தெல்லிப்பழையில் கண்மூடினார். பிறகு 1834-இல் இதே மிஷன் மதுரையில் கிளை தொடங்கியது. அங்கேயும் காய்ச்சலும் வாந்திபேதியும் ஆட்களைக் கொண்டுபோனபோது, பழனி மலைமேல் ஏறிப் பார்த்தார்கள். 1845-இல் கொடைக்கானலில் முதல் வீடுகள் எழுந்தது அப்படித்தான். உதகமண்டலத்தில் ஜான் சல்லிவனும் நுவரெலியாவில் ஆளுநர் எட்வேர்ட் பாண்ஸும் 1820-களிலேயே வழிகாட்டியிருந்தார்கள்.

அந்த வைத்தியத்தின் கணக்கு எளியது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும். யாழ்ப்பாணத்தின் ஆண்டுச் சராசரி 28 பாகை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே 16. நடுவில் உள்ள பன்னிரண்டு பாகையும் மலை தந்தது.

அந்தப் பன்னிரண்டு பாகையை எங்கள் ஆட்களும் அனுபவித்தவர்கள்தான். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கந்தோர்களிலும் ரயில் நிலையங்களிலும் காலம் தள்ளிய யாழ்ப்பாணத்தார் ஏராளம். வேலை முடிந்த மறுமாதமே அவர்கள் மலையிறங்கினார்கள். அங்கே அவர்களுக்கு அரசாங்கக் குவாட்டஸ் இருந்தது, வளவு இல்லை. காலநிலை இருந்தது, கோயில் திருவிழாவில் உபயம் இல்லை. சீதனமாக வந்த காணி, பங்குக் கிணறு, மச்சான்மார், செத்த வீட்டுக்கு வர ஆட்கள் எல்லாம் கீழே இருந்தன. துரைக்கு மலை வேண்டியிருந்தது அவருடைய ஊர் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்ததால். கிளாக்கருக்கு ஊர் ரயில் பாதையின் நுனியில் இருந்தது.

தட்டை நிலத்தின் சுகம்

காலநிலை பார்த்து வரவில்லையே தவிர, வந்தவர்கள் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள். எங்கள் ஊரில் பருவத்துக்குப் பெயர் காற்றின் பெயர்தான். வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோளகம் பிடிக்கும். புரட்டாதிவரை பனையோலையைச் சலசலக்கவைத்துப் புழுதி கிளப்பும். ஐப்பசியில் வாடை திரும்பும். ஆண்டு மழையில் பெரும்பங்கு அப்போதிருந்து மார்கழிக்குள் பெய்துவிடும். மார்கழியும் தையும் விடியற்புறம் பனி கொட்டும், மற்ற ஊராருக்குச் சிரிப்பு வரும் அந்தக் ‘குளிருக்கு’ எங்கள் கிழவர்கள் காதைச் சுற்றி மப்ளர் கட்டுவார்கள். கச்சானும் கொண்டலும் இடையிடையே வந்து போகும்.

வீடும் காற்றைப் பார்த்துத்தான் நின்றது. சுண்ணாம்புக்கல்லும் சாந்தும் வைத்துக் கட்டிய தடித்த சுவர், பனைமரச் சிலாகைமேல் ஓடு, முன்னால் நீள விறாந்தை. ஓட்டு இடுக்கால் வெக்கை மேலேறிப் போய்விடும். மத்தியானம் விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டால், மின்விசிறி இல்லாமலே கண் அயரும்.

தட்டை நிலம் கிழவர்களுக்குச் செய்த பெரிய உபகாரம் சைக்கிள். பூட்டனார் எழுபத்தைந்து வயதிலும் தன் ரலி சைக்கிளில் காலையில் சந்தைக்கும் மாலையில் கோயிலுக்கும் போய்வந்தார். படியேறும் வேலை எங்கும் இல்லை. மலைநாட்டில் முழங்கால் உளைவு தொடங்கிய நாளிலேயே ஒரு மனிதருடைய ஊர் வாசல்படியோடு சுருங்கிவிடும். இங்கே அது மாவிட்டபுரம்வரை நீளும்.

அதோடு கீரிமலைத் தண்ணீர். மழை சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளால் கீழிறங்கி, நிலத்தடியில் ஓடி, கடலுக்குச் சில அடி முன்னால் நன்னீராக ஊறுகிறது. கேணியின் ஒரு மதிலுக்கு இந்தப் பக்கம் நல்ல தண்ணீர், அந்தப் பக்கம் உப்புத் தண்ணீர். குதிரைமுகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இங்கே நீராடி முகம் மாறினாள், அதனால்தான் பக்கத்து ஊர் மா விட்ட புரம், அதாவது குதிரை முகம் விட்ட ஊர், என்கிறது கோயில் கதை. அவள் கட்டிய கோயிலுக்குக் காங்கேயன் சிலை வந்திறங்கியதால்தான் இது காங்கேசன்துறை ஆயிற்றாம். கதையை நம்பினாலும் விட்டாலும் ஒன்று தெரிகிறது: உடம்பு தேற இந்தக் கரைக்கு வரலாம் என்பது எங்கள் ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட முதல் செய்தி.

1950-இல் சிமெந்துத் தொழிற்சாலை வந்தது. தூசும் வந்தது, வேலையும் வந்தது. 1956-இல் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியபோது, கேகேஎஸ் என்று சுருக்கிச் சொல்லும் காங்கேசன்துறை என்றால் துறைமுகம், வாடிவீடு, சம்பளநாள் சந்தை, கடற்கரையில் காற்று வாங்கும் பென்சன்காரர் என்று ஆகியிருந்தது. கீரிமலை மேட்டையும் சுற்றியுள்ள நிலத்தையும் கல்லுக்காகத் தோண்டினார்கள். உயரமே இல்லாத ஊரில் பள்ளங்கள் உண்டாயின.

நடுவில் ஒரு வெற்றிடம்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு எல்லாம் நின்றது. ரயில் நின்றது, தொழிற்சாலை மூடியது, வலிகாமம் வடக்கின் கரையோரக் கிராமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாயின. நாங்களும் ஒரு சூட்கேசோடும் கோழிக்கூட்டைத் திறந்துவிட்ட நினைவோடும் வெளிக்கிட்டோம். ஒரு கிழமையில் திரும்பலாம் என்றுதான் எண்ணம். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகக் கூடியவர்கள் போனார்கள். போக முடியாதவர்கள் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி நிலையங்களில், ஊரிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள், ஊருக்குப் போகாமல் முதுமையடைந்தார்கள்.

2009-இல் போர் முடிந்த பிறகு காணிகள் துண்டுதுண்டாக விடுபட்டன. 2015 ஜனவரியில் ரயில் திரும்பவும் காங்கேசன்துறைக்கு வந்தது. 2017-இல் மயிலிட்டித் துறைமுகம் விடுபட்டது. பலாலி விமான நிலையத்திலிருந்து 2019-இல் சென்னைக்கு விமானம் பறந்தது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்து சேர்ந்தது. இன்னும் விடுபடாத காணியும் உண்டு. கடற்கரையில் இராணுவம் நடத்தும் தங்குவிடுதிக்குத் ‘தல் செவன’ என்று பெயர். சிங்களத்தில் பனையின் நிழல் என்று பொருள். நிழல் நன்றாகத்தான் இருக்கிறது, தெற்கிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் மெச்சுகிறார்கள்.

அத்தானின் கொப்பி

போன மார்கழியில் அத்தான் ஸ்காபரோவிலிருந்து வந்தார். வயது அறுபத்தேழு. சீனி வருத்தம், பிரெஷர், இரண்டு முழங்காலிலும் உளைவு. ஸ்னோ வழிக்கிற சவளைப் பிடித்து நாரி பிடித்த கதையோடு ஒரு பள்ளிக்கூடக் கொப்பியையும் கொண்டுவந்தார். கோடு கீறிய அட்டவணை. கொடைக்கானல் 2,133 மீட்டர், நுவரெலியா 1,868, கோயம்புத்தூர் 411, கடைசியில் காங்கேசன்துறை. அதற்கு நேரே உயரம் என்ற கட்டத்தில் ‘0’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார்.

“குளிர்தான் சரியெண்டால் மலைக்குப் போகலாம் தம்பி. ஆனால் டொக்டர் சொல்லுறார், இருதயத்துக்கு உயரம் கூடாதாம்.”

டொக்டர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான். மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஒட்சிசனும் அதே அளவில் குறையும். நல்ல உடம்பு சில நாளில் பழகிக்கொள்ளும். நெஞ்சு வருத்தக்காரருக்கும் நுரையீரல் பழுதானவருக்கும் அது படியேறும்போது தெரியும். வெக்கைக்கும் இதுபோல ஒரு மறுபக்கம் உண்டு. வயது போகப் போகத் தாகம் எடுப்பது குறையும், வியர்வை சுரப்பதும் குறையும். பிரெஷர் குளிசை சிலது உடம்புத் தண்ணீரை இன்னும் வெளியேற்றும். நாற்பது வருடம் ஸ்காபரோவில் இருந்த உடம்பு, சித்திரை வெயிலில் ஊர் உடம்பல்ல.

அட்டவணையின் அடுத்த பக்கத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அதில் காலநிலையே இல்லை, நாட்கணக்கு மட்டும். ஒன்ராறியோவின் இலவச மருத்துவம் தொடர வேண்டுமென்றால் பன்னிரண்டு மாதத்தில் 153 நாள் அங்கே இருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குப் பிறகு 20 வருடம் கனடாவில் இருந்தவருக்கு முதியோர் பென்சன் எங்கே இருந்தாலும் வரும்; அவ்வளவு காலம் இல்லாதவருக்கு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் நின்றுவிடும். வருமானம் குறைந்தவருக்குக் கொடுக்கும் மேலதிகத் தொகையோ, எத்தனை வருடம் இருந்தவருக்கும் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் நின்றுவிடும். லண்டன் மச்சானின் கணக்கு வேறு: பிரித்தானிய அரச பென்சன் இலங்கைக்கு வரும், ஆனால் குடிபெயர்ந்த நாளில் இருந்த தொகையிலேயே உறைந்துவிடும், ஆண்டுக்காண்டு கூடாது. மலாயாப் பென்சன்காரருக்கு இந்தச் சிக்கல் எதுவும் இருக்கவில்லை. அவருடைய பென்சன் அவர் பின்னாலே வந்தது. இவர்கள் பென்சன் பின்னாலும் ஆஸ்பத்திரி பின்னாலும் போய்வருகிறார்கள்.

ஆகவே அத்தான் வாடையோடு வருகிறார், சோளகத்துக்கு முன்னால் போகிறார். மார்கழி, தை, மாசி, பங்குனி. அவருடைய வயதில் பலர் இப்படித்தான். கனடாவின் பனிக்கு அங்கே இல்லை, யாழ்ப்பாணத்தின் கோடைக்கு இங்கே இல்லை. வாத்தியார் ஒருவர் கேலியாகச் சொன்னார், “உவை உள்ளான் குருவியள்” என்று. பூட்டனாருக்கு ஓய்வு என்பது ஓர் ஊர். அத்தானுக்கு அது ஒரு பருவம்.

ஊரும் அந்தப் பருவத்துக்கு ஏற்ப மாறியிருக்கிறது. புதிதாக எழும் வீடுகள் கொங்கிரீட் தட்டோடு மாடி வீடுகள். பகல் முழுக்கக் குடித்த வெயிலை அந்தத் தட்டு இரவு முழுக்க உள்ளே விடும், ஏசி இல்லாமல் படுக்க முடியாது. விறாந்தை சுருங்கிக் கார் நிறுத்தும் இடமாகிவிட்டது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துக் கட்டிய வீட்டை நான் அண்மையில் கண்டதில்லை. வருடத்தில் எட்டு மாதம் படலை பூட்டியிருக்கும் வீடுகளுக்குச் சோளகம் தெரிய நியாயமும் இல்லை.

தண்ணீர்தான் எனக்குப் பெரிய கவலை. கீரிமலைக்கு ஊற்றுத் தந்த அதே சுண்ணாம்புப் பாறை, மேலே கொட்டும் எதையும் கீழே விட்டுவிடும். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்று ஏறியிருப்பது பழைய செய்தி. சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த முறைப்பாடு 2014-இல் பெரும் பேச்சாயிற்று. அதிகமாக இறைத்தால் உவர் ஏறும். அத்தானின் அட்டவணையில் இதற்குக் கட்டம் இல்லை; போத்தல் தண்ணீர் வாங்கலாம் என்றார்.

இன்றைக்குக் கூடியிருப்பதும் உண்டு. பூட்டனாருக்கு நெஞ்சு நொந்தபோது மாட்டுவண்டியில் கொண்டுபோனார்களாம். இன்று தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை பக்கத்தில் இருக்கிறது. அதனோடு சேர்ந்த புற்றுநோய் மருத்துவமனை, 2011-இல் நாட்டின் தென்முனையிலிருந்து வடமுனைவரை நடந்த நடைபயணத்தில் திரட்டிய நிதியால் எழுந்தது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் ஓய்வுக்கு வரவென்று 55 வயதைக் கடந்தவர்களுக்கு அரசாங்கமும் தனி விசா வைத்தது. வசதி அன்றைக்கு இல்லாத அளவு இருக்கிறது. வீட்டில் நிரந்தரமாக இருக்க ஆள்தான் குறைவு.

மரத்தின் சாட்சி

அத்தான் இந்த முறை பின்வளவில் கீரைப் பாத்தி போட்டார். முளைக்கீரை இருபத்தைந்து நாளில் பிடுங்கலாம், போகுமுன் மூன்று தடவை சாப்பிடலாம் என்று கணக்குச் சரி. வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தா பக்கத்து வளவு அன்ரி. எழுபத்து மூன்று வயது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் முகாமில் இருந்து, காணி விடுபட்டு வந்தவ. எங்கே இருக்கலாம் என்று யாரும் அவவைக் கேட்டதில்லை, அவவும் உயரம் வெப்பம் பார்த்ததில்லை. விடுவார்களா என்பது ஒன்றே அவவின் காலநிலையாக இருந்தது.

நாங்கள் காணி பார்க்க வந்த முதல் நாள் அன்ரியும் கூட வந்தா. வீடில்லை, மதிலில்லை, ஒழுங்கையில்லை. பற்றை ஆளுயரம் வளர்ந்திருந்தது. எது யாருடைய வளவென்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. அரை மணி நேரம் அலைந்த பிறகு அன்ரிதான் கையை நீட்டினா. பற்றைக்கு மேலே, ஷெல் பட்டு ஒரு கிளை முறிந்து, மற்றக் கிளைகளில் காயோடு பூட்டனாரின் பிலா நின்றது. அதிலிருந்து அடி வைத்து அளந்துதான் எங்கள் கிணற்றைக் கண்டுபிடித்தோம். எங்கள் கிணற்றை வைத்து அன்ரி தன் எல்லையைக் கண்டுபிடித்தா.

இப்போது அவவின் நாலு எல்லையிலும் கன்று நிற்கிறது: இரண்டு வேம்பு, ஒரு கறுத்தக்கொழும்பான் ஒட்டு, ஒரு பிலா. காலையும் மாலையும் வாளியில் தண்ணீர் தூக்கி ஊற்றுகிறா.

“இந்த வயதில தண்ணி சுமக்கிறியள், அன்ரி. என்னைப்போலக் கீரையைப் போடுங்கோவன், கெதியா வரும்” என்றார் அத்தான்.

அன்ரி வாளியை இறக்கி வைத்துவிட்டு, பாத்தியைப் பார்த்தா, பிறகு பிலாவைப் பார்த்தா.

“கீரை நல்லதுதான் தம்பி. ஆனால் நாளைக்கு ஆரும் வந்து கேட்டால், கீரை நிண்டு சொல்லுமே, இது ஆற்றை காணியெண்டு?”